இரண்டு அடிக் கதவு

பல் டாக்டரின் கழிவறைக் கதவை அக்கா அளந்துகொண்டிருந்தார். வெளியே நாலைந்து பேர் வீங்கிய கன்னங்களோடு முறைக்குக் காத்திருக்க, இவர் கைப்பையிலிருந்து அளவு டேப்பை எடுத்து நிலையின் குறுக்கே நீட்டிவிட்டார். நர்ஸ் ஓடி வந்து, "என்னம்மா பண்றீங்க?" என்று பதறினார்.

"முப்பத்தாறு இன்ச். எவ்வளவு தாராளமா வச்சிருக்கீங்க! உங்களுக்குத் தெரியுது, என் வீட்டு ஆம்பளைங்களுக்குத் தெரியல" என்றார் அக்கா. கடைவாய்ப் பல் வலி அதற்குள் எங்கோ போயிருந்தது. துணைக்குப் போன நான் சுவரில் மாட்டியிருந்த பற்களின் படத்தை ஊன்றிப் பார்க்க ஆரம்பித்தேன்.

தெருவில் இவருக்கு இன்ச் அக்கா என்று பெயர். இவர் வீட்டு மாடியில்தான் நான் வாடகைக்கு இருக்கிறேன். அக்காவுக்குப் பகலெல்லாம் கேஸ் ஏஜென்சியில் புகார் ஃபோன் எடுக்கிற வேலை. சிலிண்டர் வரவில்லை என்று ஊரே திட்டும். "உங்க கோபம் நியாயம்தான் சார், இதோ பாக்கறேன் சார்" என்று தேன் ஒழுகப் பேசுவார். அங்கே விழுங்கியதையெல்லாம் சாயங்காலம் பாத்திரங்களின் மேல் காட்டுவார். கீழே கழுவுகிற சத்தத்தை வைத்தே அன்றைக்கு ஏஜென்சியில் என்ன நிலவரம் என்று நான் மாடியிலிருந்து சொல்லிவிடுவேன்.

அக்காவின் மாமனாருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. சக்கர நாற்காலி வாங்கினார்கள். கீழ்வீட்டில் இருப்பது ஒரே குளியலறை. கழிவறையும் அதற்குள்தான். அதன் கதவு இரண்டு அடி, நாற்காலி அதைவிட இரண்டு இன்ச் கூடுதல். அதனால் ஒவ்வொரு தடவையும் நாற்காலி வாசலோடு நின்றுவிடும். அக்கா பெரியவரின் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி, தன் தோளில் சாய்த்து, பக்கவாட்டில் அடிமேல் அடி வைத்து உள்ளே கொண்டுபோக வேண்டும். பெற்ற பிள்ளைகள் இரண்டு பேர் அதே வீட்டில் இருக்கிறார்கள். மூத்தவருக்கு, அதாவது அக்காவின் கணவருக்கு, இடுப்புப் பிடிப்பு. இளையவருக்கு, "அப்பாவை அப்படிப் பாக்க மனசு தாங்கல அண்ணி." மனசு தாங்காதவர் மூன்று வேளையும் வயிறாரச் சாப்பிடுகிறார்.

மருமகளைச் சிரமப்படுத்தக் கூடாதென்று பெரியவர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டார். டம்ளரை நீட்டினால் இடது கையால் தள்ளுவார். காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. நிறையத் தண்ணீர் கொடுக்காவிட்டால் கிட்னி போய்விடும் என்று டாக்டர் சத்தம் போட்டாராம். அன்றைக்கு அக்கா மாடியேறி வந்து என் சமையலறையில் நின்று கத்தினார்.

"வீட்டுல தண்ணி இருக்கு, குடுக்க ஆள் இருக்கு. கதவு சின்னதா இருக்குன்னு ஒரு மனுஷன் தாகத்தை அடக்கிக்கிட்டுக் கெடக்கறாரு. இதெல்லாம் ஒரு வீடா?"



குளியலறையை மாற்றிக் கட்ட அக்கா ஏஜென்சியில் கடன் எடுத்தார். மாதாமாதம் இவர் சம்பளத்தில்தான் பிடிப்பார்கள். பட்ஜெட் போடுவதில் அக்கா ராட்சசி. வழுக்காத டைல்ஸுக்கு மூன்று கடையில் விலை விசாரித்து, நாலாவது கடைக்காரரைப் போட்டு உருட்டுவார். அகலமான கதவு, சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி, மேஸ்திரி கூலி எல்லாம் போக, எதிர்பாராத செலவுக்கென்று கொஞ்சம் ஒதுக்கியும் வைத்தார். அந்தக் கொஞ்சத்தில்தான் வீட்டு ஆண்கள் மூக்கை நுழைத்தார்கள். கையோடு கையாக முன்பக்கச் சுவருக்கும் ஒரு பூச்சு பூசிவிடலாமே என்றார்கள். பூச்சு டிசைன் ஆனது. டிசைனுக்கு இரண்டு தூண் வேண்டியிருந்தது. தூணுக்கு லைட் வேண்டியிருந்தது. குளியலறையை "அடுத்த ரவுண்டுல பாத்துக்கலாம்" என்று ஓரம்கட்டிவிட்டார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை கான்ட்ராக்டர் வந்தார். வேலை நடந்தால் மாடிக்கும் தூசி வரும் என்று சொல்வதற்காக என்னையும் கீழே கூப்பிட்டிருந்தார்கள்.

"அந்தப் பாத்ரூம் சுவத்துல கை வச்சா பைப்பெல்லாம் மாத்தணும் சார், வீண் செலவு. முன்பக்க எலிவேஷன் பண்ணுங்க, வீட்டுக்கே ஒரு களை வந்துடும்" என்றார் கான்ட்ராக்டர்.

"ரோட்டுல போறவன் ஒரு நிமிஷம் நின்னு பாத்துட்டுப் போகணும்" என்றார் கொழுந்தன்.

"ரோட்டுல போறவனா உங்கப்பாவைத் தூக்கறான்?" என்று கேட்டார் அக்கா.

கணவர் தரையைப் பார்த்தபடி, "இப்ப என்ன அவசரம்? நீதான் நல்லாப் பாத்துக்கறியே" என்றார். பாராட்டுகிறாராம்! அந்த ஆளை உலுக்க வேண்டும்போல் எனக்கே கை பரபரத்தது.

அக்கா உள்ளே போனார். பெரியவர் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தார். காலி நாற்காலியை உருட்டி வந்து ஹால் நடுவில் நிறுத்தி, அதில் தானே உட்கார்ந்துகொண்டார்.

"தள்ளுங்க."

"என்ன விளையாட்டு இது?" என்றார் கணவர்.

"பாத்ரூமுக்குத் தள்ளுங்கன்னு சொன்னேன்."

கான்ட்ராக்டர் பார்த்துக்கொண்டிருந்ததால் கணவர் எழுந்து தள்ளினார். குளியலறை வாசலில் நாற்காலி டங்கென்று இடித்து நின்றது. இன்னும் வேகமாகத் தள்ளினார். நிலையில் பெயின்ட் பெயர்ந்தது.

"போகல இல்ல? சரி, நான் இங்கேயே இருக்கேன். நீங்க தூணைப் பத்திப் பேசி முடிங்க" என்று கையைக் கட்டிக்கொண்டார் அக்கா.

பேசினார்கள். தண்ணீர் குடித்தார்கள், டீ குடித்தார்கள், மறுபடி தண்ணீர் குடித்தார்கள். முதலில் கான்ட்ராக்டர் நெளிந்தார். அப்புறம் வருவதாகச் சொல்லிக் கிளம்பிப் போனார். கொஞ்ச நேரத்தில் கொழுந்தன் எழுந்து வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

"அண்ணி, கொஞ்சம் எழுந்திருங்க. அவசரம்."

அக்கா அசையவில்லை. கொழுந்தன் என் பக்கம் திரும்பி, "மாடியில..." என்று இழுத்தார்.

"மேல தண்ணி வரலீங்க" என்றேன், வாய் கூசாமல்.

"அண்ணி, ப்ளீஸ்..."

அக்கா கழுத்தைத் திருப்பி அவரை ஒரு தடவை நன்றாகப் பார்த்தார். பிறகு குனிந்து, முதலில் இடது சக்கரத்துக்கும் அடுத்து வலது சக்கரத்துக்கும் பிரேக் போட்டார்.