கடைசியாகக் கடந்த பெண்

தஞ்சாவூரில் போக்குவரத்துக் காவலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்தக் காலத்தில் சிக்னல் விளக்கை நாங்கள்தான் சுவிட்ச் போட்டு மாற்றுவோம்.

ஒரு நாள் காலை, குத்தகை நிலத்தை விட்டு விரட்டப்பட்ட கிராமத்து ஜனங்கள் கலெக்டர் ஆபீசுக்கு மனுக் கொடுக்க வந்தார்கள். வரப்பில் நடப்பது போலவே ஒருவர் பின் ஒருவராகச் சாலையைக் கடந்தார்கள். பஸ்காரர்கள் விடாமல் ஹாரன் அடித்தார்கள். முன்னால் போனவர் எதிர்ப்பக்க நடைபாதையில் ஏறியதும் எரிச்சலில் பஸ்களுக்குப் பச்சையைப் போட்டுவிட்டேன். நானும் வரப்பில் நடந்து வளர்ந்தவன்தான். அந்த வரிசை எவ்வளவு நீளும் என்று எனக்குத் தெரியாதா?

பிரேக் சத்தம் கேட்டுத் திரும்பினேன். நடுச்சாலையில், வரிசையில் கடைசியாக வந்த ஒரு பெண் அசையாமல் நின்றிருந்தார். பஸ் அவர் புடவையை உரசிக்கொண்டு நின்றிருந்தது.

ஓடிப்போய், "வெரசா வரக்கூடாதாம்மா?" என்று கத்தினேன்.

அவர் கோபப்படவே இல்லை. "நான் இன்னும் வந்து சேரலீங்களே ஐயா" என்றார்.

அதன் பிறகு சுவிட்சில் கை வைத்தபோதெல்லாம் அந்தக் குரல் கேட்டது. கடைசி ஆள் ஏறாமல் நான் விளக்கை மாற்றியதில்லை. அதற்காக மேலதிகாரிகளிடம் திட்டும் வாங்கியிருக்கிறேன்.

இப்போது விளக்கு தானாகவே மாறுகிறது. அது யாருக்காகவும் காத்திருப்பதில்லை. அதனால் சைக்கிளை உருட்டிக்கொண்டு எல்லோருக்கும் பின்னால் நான் கடக்கிறேன். முன்னால் போகிறவர்கள் ஏறும்வரை சைக்கிளை வண்டிகளுக்குக் குறுக்கே நிறுத்திக்கொள்கிறேன்.

ஏறிய பிறகும் ஒருமுறை திரும்பிப் பார்ப்பேன். பின்னால் யாரும் இருக்கமாட்டார்கள். ஆனாலும் பார்ப்பேன்.