பூண்டுப் பரணில் தொங்கிய பேட்ஜ்

மலைக்கிராமமான பூண்டியில் தங்கை வீட்டு அடுப்புக்கு மேலே, புகையில் காயப் போட்டிருந்த பூண்டுக் கொத்துகளுக்கு நடுவே அதைப் பார்த்தேன். கிளிப் வைத்த சிறிய பிளாஸ்டிக் பேட்ஜ். அதில் மாப்பிள்ளையின் பெயர், ஓர் எண். கையிலிருந்த காபியைக் கீழே வைத்தேன்.

செய்தி சேகரிக்க அணுமின் நிலையத்துக்குள் போயிருக்கிறேன். அங்கே வேலை செய்கிறவர்கள் இதை மார்பில் குத்தியிருப்பார்கள். உடம்பில் பட்ட கதிர்வீச்சை இது பதிந்து வைக்கும். பின்னர் ஒரு கருவியில் சூடாக்கி அளவைப் படிப்பார்கள். வெளியே கொண்டுவரக் கூடாத பொருள்.

"இது எப்படி இங்க வந்துச்சு?"

"அவரு சட்டைப் பையில கெடந்துச்சுண்ணே. மழைக்கு நமுத்துப் போயிரும்னு பரண்ல மாட்டுனேன். நாலு நாளாச்சு."

மாப்பிள்ளை ஒப்பந்தத் தொழிலாளி. உலையை நிறுத்தி எரிபொருள் மாற்றும் வாரங்களில் உள்ளே தரை துடைப்பவர். பூண்டு எடுக்க லீவு போட்டு, பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் பேட்ஜை நிலைய வாசல் ஸ்டாண்டில் மாட்ட மறந்திருக்கிறார்.

அவர் பூண்டுக் கட்டோடு உள்ளே வந்ததும் சொன்னேன். "சூடு பட்டா பதிவு கெட்டுரும் மாப்ளே. கம்மியாக் காட்டும்."

அவர் முகம் மலர்ந்தது. "நெசமாவா மச்சான்? நல்லதாப் போச்சு. போன தடவை லிமிட்டை நெருங்கிட்டேன்னு பாதியில வெளிய அனுப்பிட்டாங்க, கூலியும் போச்சு. திங்கக்கிழமை வெள்ளனே போயி கமுக்கமா மாட்டிருறேன்."

ஒழுங்குமுறை வாரியம் விதித்த அந்த வரம்பைப் பற்றிப் பத்தி பத்தியாக எழுதியவன் நான். நிர்வாகம் அதை மீறுகிறதா என்று மட்டும்தான் துருவியிருக்கிறேன். அந்த வரம்பு யாருடைய உடம்புக்காகவோ, அவரே அதை ஏமாற்றப் பார்ப்பார் என்று ஒரு வரிகூட எழுதியதில்லை.

தங்கை பூண்டுக் கட்டைக் கீழே போட்டாள். "ஏங்க, அதுல கொறஞ்சா ஒடம்புலயும் கொறஞ்சிருமா?"

அவர் தரையைப் பார்த்தார்.

"கேக்குறேன்ல?"

"கொறையாது."

"அப்ப வெரசா பிளான்ட்டுக்குப் போனைப் போடுங்க."

ஸ்பீக்கரில் பாதுகாப்பு அதிகாரியின் குரல் வந்தது. "எங்க வச்சிருந்தீங்க? அடுப்புக்கு மேலயா? ஏங்க, அது என்ன பூண்டா?" ஏதோ பதிவேட்டைப் புரட்டும் ஓசை. "நீங்க எவ்வளவு கதிர்வீச்சு வாங்கியிருக்கீங்கன்னு விசாரிச்சு முடிக்கிற வரைக்கும் உள்ள விட மாட்டோம். அதைத் துடைக்காம அப்படியே கொண்டு வாங்க."

பேட்ஜில் படிந்த புகைக்கரியைத் துடைக்க முந்தானையோடு நீண்ட தங்கையின் கை சட்டென்று பின்வாங்கியது.

"இந்த சீசன் கூலி போச்சு," என்றார் மாப்பிள்ளை.

"போகட்டும். வேலை கெடக்கு, வந்து பூண்டைக் கட்டுங்க."