அபராதக் காய்

கேரம் காய் ஒவ்வொன்றையும் எடுத்து, விளிம்பில் கட்டைவிரல் நகத்தை ஓட்டிப் பார்ப்பார் யேசுராஜ். பிசிறு தட்டினால் சட்டைப்பையிலிருக்கும் உப்புத்தாள் துண்டால் இரண்டு தேய்ப்பு. பிறகு பவுடரைத் தூவி, சிவப்பைச் சுற்றிக் காய்களை அடுக்குவார். மற்றவர்கள் குடியிருப்பு மன்றத்துக்கு வருவதற்குள் பலகை தயாராகிவிடும்.

ஓசூர் சிப்காட்டில் தரச்சோதனைப் பிரிவிலேயே காலம் தள்ளிய கை. அதனால்தான் மன்றத்தில் அவருக்கு 'ரிஜக்ஷன்' என்று பேர். "யோவ் ரிஜக்ஷன், தடவுனது போதும், அடிய்யா!" என்று குருமூர்த்தி கத்துவார். ஆஞ்சப்பன் தெலுங்கில் தொடங்கிக் கன்னடத்தில் முடிப்பார். நாலாவது ஆளான கங்கப்பனும் சேர்ந்துகொள்வார். மூன்று பாஷையிலும் திட்டு வாங்கி, மூன்றிலும் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார் யேசுராஜ்.

தவக்காலத்துத் தொடக்கத்தில் அவர் மனைவி அற்புதமேரி இறந்துபோனாள். சவப்பெட்டியைத் தூக்கியவர்களே இவர்கள்தான். அதன் பிறகு அவர் மன்றத்துக்கு வந்த முதல் மாலை, எல்லோரும் எழுந்து நின்றார்கள். "உக்காருங்க சார்."

அன்றிலிருந்து 'சார்'தான். முதல் டீ அவருக்கு. அவர் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே சிரிப்பு அடங்கி, பேச்சு மழைக்குத் தாவிவிடும். அவருடைய நாற்காலியில் இப்போது புதிதாகக் குடிவந்த ஹரீஷ்குமார். "நீங்க சும்மா பாருங்க சார், எதுக்குச் சிரமம்?" என்பார் கங்கப்பன்.

"எனக்கென்னய்யா, நல்லாத்தான் இருக்கேன்" என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தார்.

"சரிங்க சார்" என்றார்கள், மூவரும், சுத்தமான தமிழில்.

வீட்டில் ஒரு தட்டு, ஒரு டம்ளர். இங்கே இந்த மரியாதை.

நேற்று ஹரீஷ்குமாருக்கு செகண்ட் ஷிஃப்ட். நாலாவது ஆள் இல்லாததால் யேசுராஜை உட்காரச் சொன்னார்கள். நாலைந்து சுற்று போனது. கையில் சேர்ந்தது ஒரே காய். அடுத்த முறை, சுலபமான காயை விட்டுவிட்டு, ஸ்ட்ரைக்கரை வேண்டுமென்றே நேராகக் குழிக்குள் அடித்தார்.

முன்பெல்லாம் ஸ்ட்ரைக்கர் குழியில் விழுந்தால் மன்றமே அதிரும். "வைய்யா ஃபைனு! வை, வை!" என்று பலகையைத் தட்டுவார்கள், எடுத்த காயில் ஒன்றைத் திருப்பி நடுவில் வைத்தே ஆக வேண்டும்.

குருமூர்த்தி ஸ்ட்ரைக்கரைக் குழியிலிருந்து எடுத்து, துடைத்து, அவர் பக்கம் மெல்ல நகர்த்தினார். "பரவால்ல சார். இன்னொருக்கா அடிங்க."

யேசுராஜ் அதைத் தொடவில்லை. தன்னிடமிருந்த அந்த ஒரே காயைப் பலகையின் நடுவில் வைத்தார். விரலை எடுக்காமல், மூன்று முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.