ஒண்ணேமுக்கா மணி நேரத் தூரம்

கூடவே விமானத்தைக் கூட்டித் துடைக்கும் பெண்கள் அவளுக்கு வைத்த பெயர் ஒண்ணேமுக்கா அக்கா. வீட்டுக்காரர் எங்கே என்று யார் கேட்டாலும் ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டாள். ஒண்ணேமுக்கா மணி நேரத் தூரம் என்பாள், ஏதோ பக்கத்துத் தெருவில் இருப்பதைப் போல. அவர் அந்தக் கோடியில், இன்னொரு விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளை ஏற்றுகிறவர். நடுவே ஆயிரத்து நூறு கிலோமீட்டர். விமானத்துக்கு அது ஒன்றே முக்கால் மணி. இவர்களுக்கு வாய்த்ததோ ரயில். அதற்கு ஓர் இரவும் ஒரு பகலும் வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவை முகம் பார்த்துக்கொண்டால் பெரிய விஷயம். விமானத்தை வைத்தே பிழைக்கிற இரண்டு பேரும் ஒரு நாளும் அதில் பறந்ததில்லை. இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது?

ஒரு விஷயத்தில் மட்டும் அவர்கள் கொடுத்து வைத்தவர்கள். மத்தியானம் அவர் பெட்டி ஏற்றி அனுப்பும் அதே விமானம்தான் இங்கே வந்து இவள் துடைப்பத்துக்குக் காத்து நிற்கும். அடிப்பக்கக் கதவைச் சாத்தியதும் அவர் போன் போடுவார். கதவ மூடியாச்சு என்பார். சரி, வரட்டும் என்பாள் இவள். பல வருஷமாக இவ்வளவுதான் குடும்பம். வந்து நின்றதும் முதல் ஆளாக ஏறி, இருக்கை இடுக்குகளில் அவள் கைவிட்டுக் குப்பை எடுப்பதைப் பார்த்தால், வெளியூர் போய் வந்த புருஷனின் சட்டைப் பையைத் துழாவுகிறாள் என்றே தோன்றும்.

அன்று சூப்பர்வைசர் வந்து, அந்த விமானம் சக்கரக் கோளாறில் அங்கேயே நிற்கிறது, இன்றைக்கு வராது என்று சொல்லிவிட்டுப் போனார். மற்றவர்கள் டீ குடிக்கக் கிளம்பினார்கள். அவள் வாளியும் கையுமாக நின்றாள். வழக்கமான நேரத்துக்குப் போன் அடித்தது.

"கதவ மூடியாச்சு. இன்னைக்குக் கொஞ்சம் கனமான லோடு."

வேறு எவளாவது இருக்கிறாளோ என்றுகூட அவளுக்கு ஒரு கணம் புத்தி போயிற்று.

"எந்தக் கதவ மூடுனீங்க? ஃப்ளைட்டே கெளம்பலையாமே."

உண்மை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. பெட்டி தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டு, இரண்டு மாதமாக அறையில் படுக்கைதானாம். கடிகாரத்தைப் பார்த்துத்தான் போன் போட்டாராம். அவர் கைபடாத விமானத்தையா இத்தனை நாள் பார்த்துப் பார்த்துத் துடைத்தோம் என்று அவளுக்கு அழுகை முட்டியது.

"ஏன் சொல்லல? நான் என்ன வேத்து ஆளா?"

"சொல்லியிருப்பேன். லோடு ஏத்தலன்னா, உங்கிட்டப் பேச எனக்கு வேற என்ன இருக்கு?"

அவளுடைய கோபம் போன இடம் தெரியவில்லை. அவர் சொன்னது நிஜம். சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். சாப்பிட்டாராம். நீ சாப்பிட்டியா என்று கேட்டார். இன்னும் இல்லை என்றாள். அதோடு இருவருக்கும் பேச்சு தீர்ந்துபோயிற்று. போனை வைக்கவும் மனசு வராமல், அந்தக் கோடியில் அவரும் இந்தக் கோடியில் இவளுமாக, அடுத்து என்ன கேட்பது என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள்.