நாலு நிறத்தில் என் நெற்றி

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் தையல் கடை நடத்துகிற எனக்கு எத்தனையோ பேருடைய துணி கைக்கு வரும். போன டிசம்பரில் வந்த சட்டையில் நானே இருந்தேன். கல்லூரிப் பெண் ஒருத்தி இடுப்பைப் பிடித்துத் தரச்சொல்லிக் கொடுத்தாள். முன்பக்கம் முழுக்க என் முகம், நாலு கட்டத்தில் நாலு தடவை. ரோஸ், மஞ்சள், பச்சை, ஊதா. ஒவ்வொரு நெற்றியிலும் காலணா அகலத்துக்குப் பொட்டு, கூடவே மூக்குத்தி, தலைநிறைய மல்லிகை. "கொள்ளாமல்லோ சேச்சி, பாப் ஆர்ட்டா" என்று மலையாளத்தில் சட்டையை மெச்சினாள், என் முகத்தைப் பார்த்தே. அப்போதும் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

நான் மார்த்தாண்டத்துக்காரி, கிறிஸ்தவச் சபைக் குடும்பம். எங்கள் வீட்டுப் பெண்கள் பொட்டு வைப்பதில்லை, மூக்குக் குத்துவதில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேலி செய்வார்கள். அந்த வெறும் நெற்றியோடுதான் தலைநிமிர்ந்து வளர்ந்தேன், இங்கே வந்து பிழைக்கவும் செய்தேன்.

படம் எடுத்தவனைத் தெரியும். மாதிரித் துணி தைக்கக் கொடுக்க வந்த டிசைனர். மெஷினில் இருந்த என்னைச் சிரிக்கச்சொல்லி போனில் எடுத்தான். கவடியாரில் இருக்கும் அவன் கடைக்கே போனேன்.

"இது நானாக்கும். நான் பொட்டு வைக்கமாட்டேன். இத மாத்து."

"பொட்டில்லெங்கில் தமிழத்தியாணெந்நு ஆர்க்கும் தோந்நில்ல சேச்சி" என்று சிரித்தான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் தமிழச்சியாகத் தெரிய இவன் பொட்டுச் சாந்து குழைக்க வேண்டுமாம்! சோப்பு டப்பாவையும் நடிகை முகத்தையும் வரிசையாக அச்சடித்து, கண்ணைப் பறிக்கும் நிறம் பூசி, உடுப்பாக விற்பதுதான் இந்தக் கலை என்று விளக்கம் வேறு சொன்னான். சோப்பு டப்பாவுக்கு வாய் கிடையாது, எனக்கு இருக்கிறது. கடையே அதிர, "இது நான், இது நான்" என்று கத்தினேன். வாங்க வந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள், பிறகு சட்டையின் விலையைப் பார்த்தார்கள். ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களே, அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனேன். அக்கா மகள் அதே சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள், கேரளா ஃபேஷனாம். அவளுக்கும் தெரியவில்லை. அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது.

"அங்க போயி பொட்டும் வைக்கத் தொடங்கியாச்சா மக்களே?"

"அது நான் இல்லம்மா."

அம்மா நம்பவில்லை. பக்கத்தில் வந்து, கட்டைவிரலால் என் நெற்றியை அழுத்தித் துடைத்தாள். பிறகு வெளிச்சத்தில் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.