கத்தாஸின் கூரை, ஹியாமின் தோட்டம்

ஜனவரி கடைசியில் கத்தாஸ் நாட்காட்டியைப் பார்க்கவே மாட்டார். சமையலறைக்கு மேலே டின் இழுபடும் சத்தம் கேட்டால் குளிர் இன்னும் நாற்பது நாள். சத்தம் கூடத்துக்கு மேலே நகர்ந்துவிட்டால் எதிர்மலையில் பாதாம் பூத்திருக்கும். படுக்கையறைக்கு மேலே வந்துவிட்டால் கம்பளிச் சட்டையைப் பெட்டியில் போடலாம். இருபத்திரண்டு வருஷமாக, தன்னை வேலைக்கு ஏற்றிப்போகும் ஆஸ்பத்திரி வேன் வருவதற்கு முன்னால், மேல்வீட்டு ஹியாம் தன் செடிகளை வெயில் போகிற பக்கமெல்லாம் இழுத்துக்கொண்டு அலைந்தாள்.

ஸல்த் ஊரில் மலைச்சரிவு வீடுகளுக்கு இதுதான் விதி. கீழ்வீட்டுக் கூரை மேல்வீட்டு முற்றம். கத்தாஸ் அந்தக் கூரைக்குக் கீழே தூங்கினார். ஹியாம் அதன் மேலே அவரைச்செடி நட்டாள்.

நெய் டின், ஆலிவ் எண்ணெய் டின், தயிர் வாளி என்று மொத்தம் முப்பத்தேழு. அவள் பள்ளத்தாக்கிலிருந்து கல்யாணமாகி வந்தவள். ஒன்பது வயதிலிருந்து யார் யார் நிலத்திலோ தக்காளி பறித்தவள். ஆரம்பத்தில் தக்காளி வாசனையே குமட்டும் என்று கத்தாஸின் மனைவி நத்ராவிடம் சொல்லியிருக்கிறாள். பட்டாளத்தில் சமையல்காரனாக இருந்த கணவன் இறந்த வருஷம், காலியான நெய் டின் ஒன்றில் ஒரு மிளகாய் விதையைப் போட்டாள். அது முளைத்தது. தனக்கென்று அவள் விதைத்த முதல் விதை அதுதான்.

பிறகு நிற்கவில்லை. பருப்பு கழுவிய தண்ணீர், தேயிலைச் சக்கை எல்லாம் டின்களுக்குத்தான் போகும். குழாயில் தண்ணீர் வருவது வாரத்துக்கு ஒரு நாள், செவ்வாய். அன்று ஊர் முழுக்கத் துணி துவைக்கும். ஆஸ்பத்திரிச் சலவையில் ஆறு நாள் துவைத்துக் களைத்தவள், வீட்டுத் துணியை ஒதுக்கிவைத்துவிட்டு முதலில் புதினாவுக்குத் தண்ணீர் விடுவாள். பிப்ரவரியில் விதைகளை ஈரத்துணியில் முடிந்து ஹீட்டர் பக்கத்தில் வைப்பாள். முட்டை அட்டைக் குழிகளில் வெள்ளரியும் தக்காளியும் இரண்டு இலை விடும். வெளியே அவரையின் கறுப்புக்கண் வெள்ளைப் பூ மணக்கும், மன்தூர் பூ ஊதாவாக விரியும். தெருவில் போகிறவர்கள் படியில் நின்று மூச்சை இழுத்துவிட்டுப் போவார்கள்.

ஆறு வருஷத்துக்கு முன்பு, பிப்ரவரி நடுவில், கத்தாஸின் படுக்கையறைக் கூரையில் ஈரம் கண்டது. முதலில் நாணயம் அளவு, பிறகு ரொட்டி அளவு.

"மேல போய்ப் பாத்துட்டு வாங்க. சண்டை போடாதீங்க," என்றாள் நத்ரா.

"நான் எதுக்குச் சண்டை போடறேன்? பாத்துட்டு வரேன்."

அவர் ஓய்வுபெற்ற பள்ளிப் பேருந்து ஓட்டுநர். நாற்பது பிள்ளைகள் கத்தும்போதே குரல் உயர்த்தாதவர். மேலே போனார். ஹியாம் காபி கொடுத்தாள். கோப்பையை வாங்கினவர், கூரை ஈரத்தைச் சொல்லிவிட்டு, படுக்கையறை எந்த இடத்தில் வருகிறது என்று பார்க்க, அதைக் கைப்பிடிச்சுவரில் வைத்துவிட்டு டின்களுக்கு நடுவே அடி அளந்து நடந்தார்.

திரும்பிப் பார்த்தபோது ஹியாமின் முகம் மாறியிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருந்தது அவரை அல்ல, தொடாத கோப்பையை.

பெண் கேட்டுப் போகிறவனும், கொலைக்கு மன்னிப்புக் கேட்டுப் போகிறவனும் காபியைக் குடிக்காமல் கீழே வைப்பான். கேட்டது கிடைக்கும்வரை தொடமாட்டான். கோப்பையை ஆறவிட்டுத் திருப்பி அனுப்புவதைவிட வீட்டுக்காரருக்குப் பெரிய அவமானம் கிடையாது.

"குடிங்க அபூ ஜிரீஸ்," என்று ஊர் வழக்கப்படி மகன் பெயரால் அவரைக் கூப்பிட்டாள் ஹியாம். "நீங்க எதுக்கு வந்தீங்களோ அது குடுத்தாச்சு. நாளைக்கே கூரையக் காலி பண்ணிடறேன்."

"ஐயோ உம் ரக்கான், நான் அதுக்கு..." அவரும் அவளை ரக்கானின் அம்மா என்றுதான் கூப்பிடுவார்.

"ஆறிடப் போகுது, குடிங்க."

குடிக்காவிட்டால் அவமானம். குடித்தால் தோட்டம் போகும். அவர் குடித்தார்.

"குடிச்சீங்களா?" என்று நத்ரா தலையில் அடித்துக்கொண்டாள். "உங்க மூளைய பஸ் டிப்போலயே விட்டுட்டு வந்தீங்களா மனுஷா?"

மறுநாள் முப்பத்தேழு டின்னும் பக்கத்துப் பொதுப்படியில் வரிசையாக நின்றன. வடக்கு பார்த்த படி. காற்று அதில் புகுந்து விசில் அடிக்கும். மாதக் கடைசி வந்தது. பிப்ரவரி தன் நாள் போதாமல் மார்ச்சிடம் நாலு நாள் இரவல் வாங்கி, குளிரால் கிழவிகளைக் கொல்லப் பார்க்கும் என்பார்கள். அந்த வருஷம் கிழவிகள் தப்பினார்கள். ஆலங்கட்டி பெய்து ஹியாமின் அவரைதான் பூவோடு முறிந்து தொங்கியது. மன்தூர் கருகிப்போயிற்று.

அதன் பிறகு வந்த செவ்வாயன்று கத்தாஸ் மோட்டார் போட்டார். கூரையில் ஒரு டின்கூட இல்லை, வானத்தில் மேகம் இல்லை. ஈரம் தட்டு அளவிலிருந்து தாம்பாளம் அளவுக்கு விரிந்தது. பிளம்பர் வந்து சுவரைக் கொத்தினான். கூரை மூலையில் நிற்கும் கத்தாஸின் சொந்தத் தொட்டிக்குப் போகிற சொந்தக் குழாய்தான் ஒழுகியிருக்கிறது.

அவர் மேலே ஓடினார். ஹியாம் கதவைப் பாதி திறந்தாள்.

"தப்பு என்னோடது. டின்ன திரும்ப வெச்சிடுங்க."

"குடுத்த வார்த்தைய எப்படித் திரும்ப எடுக்கறது அபூ ஜிரீஸ்? அது என்ன டின்னா, இழுத்து இழுத்து வெக்க?"

ஞாயிற்றுக்கிழமை அவள் வேலைக்குப் போயிருந்தாள். கத்தாஸ் தேவாலயத்திலிருந்து வந்தார், கோட்டைக்கூடக் கழற்றாமல் டின்களைத் தூக்க ஆரம்பித்தார். மூன்று மணிக்கு ஹியாம் வேனிலிருந்து இறங்கி வந்தபோது முப்பத்தைந்தாவது டின் அவர் மார்பில் இருந்தது. கோட்டு முழுக்க மண்.

"என்ன பண்றீங்க?"

"கூரை யாருது?"

"உங்களுது."

"காலி பண்ணிக் குடுத்தீங்கல்ல? வார்த்தையக் காப்பாத்திட்டீங்க. இப்ப என் கூரைல என் இஷ்டத்துக்கு டின் வெக்கிறேன். நீங்க யாரு கேக்க?"

ஹியாம் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவருக்குத் தெரியவில்லை. உள்ளே போனவள் முட்டை அட்டைகளோடு வந்தாள். முறிந்த அவரையை வேரோடு பிடுங்கினாள். அந்த டின்னில் ஒரு பழைய கரண்டியால் குழி பறித்து, ஒரு தக்காளி நாற்றை இறக்கினாள்.

"சும்மா நிக்காதீங்க. தண்டு சாயாம பிடிங்க. இறுக்காதீங்க, அது ஸ்டியரிங் இல்ல."

அவர் முழங்காலிட்டுப் பிடித்தார். அவள் இரண்டு விரலால் மண்ணைச் சுற்றி அழுத்தினாள். வெயிலில் சூடேறியிருந்த மண் அவர் நகத்துக்குள் புகுந்தது. மயிர் முளைத்த அந்தச் சின்னத் தண்டை விட்டபோது அது தானாக நின்றது. அறுபத்தைந்து வயதில் அவர் நட்ட முதல் செடி. "இன்னொண்ணு குடுங்க," என்றார்.

கீழிருந்து நத்ரா கத்தினாள். "உம் ரக்கான்! என் வீட்டுக்காரர் ரெண்டு தடவ உங்க வாசலுக்கு வந்தாச்சு, இப்ப தோட்டக்காரனாவும் ஆயாச்சு. நீங்க ஒரு தடவ கீழ வந்து உக்காந்தீங்களா?"

"வரேன் நத்ரா. நாத்து வேர் பிடிக்கட்டும்."

நாற்று வேர் பிடித்தது. தக்காளி காய்த்தது. கயிற்றில் கட்டிய கூடையில் புதினா, வெங்காயத்தாள், வெள்ளரி, ஒரு கொத்து மன்தூர் என்று இறங்கிக்கொண்டே இருந்தது. நத்ரா கூடையை ஒருநாளும் வெறுமையாக மேலே அனுப்பியதில்லை. ஆனால் ஹியாம் வரவில்லை. வெண்டை விதைத்துவிட்டு வருகிறேன், மல்லிகையைக் கவாத்து பண்ணிவிட்டு வருகிறேன் என்று ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு காரணம். உண்மையிலேயே நேரமில்லையா, அல்லது முறிந்த அவரையை அவள் இன்னும் மன்னிக்கவில்லையா? கத்தாஸ் பல தடவை யோசித்திருக்கிறார். கேட்டதில்லை.

போன வருஷம் மார்ச் தொடக்கத்தில் மகன் ரக்கான் அவளை ஸர்க்காவில் இருக்கும் தன் நாலாவது மாடி வீட்டுக்கு அழைத்துப்போனான். அங்கே பால்கனியில் பன்னிரண்டு டின்தான் கொள்ளும். மிச்சம் தெருக்காரர்களுக்குப் போயிற்று. கிளம்புகிற நேரம் கத்தாஸின் வாசலில் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே நின்றாள். அடுப்பில் காபி பொங்கிக்கொண்டிருந்தது. சாமான் ஏற்றிய வேன் ஹாரன் அடித்தது.

"உக்காருங்க, ரெண்டே நிமிஷம்," என்றாள் நத்ரா.

"வெள்ளரி நாத்து கைல இருக்கு, வாடிடும். உங்களுக்கு ஒரு வருகை பாக்கி வெச்சிருக்கேன், மறக்கல. நாத்து நட்டுட்டு வரேன்."

இந்த வருஷ நாற்றும் நட்டாகியிருக்கும். அவள் இன்னும் வரவில்லை.