திருட்டு இசைத்தட்டில் ஒரு குரல்

பொலோஞாவில் பஸ் ஓட்டிய இவோன் கெரார்தியைத் தெரியாதவர்கள் எங்கள் பேட்டையில் கிடையாது. அப்படியொரு பிடிவாதக்காரி. வழியை மறித்து எவனாவது லாரியை நிறுத்தியிருந்தால் ஹாரன் அடிக்க மாட்டாள். இறங்கிப் போய், அவன் சாப்பிடும் கடைக்குள் நுழைந்து, தட்டைக் கையில் எடுத்துக்கொள்வாள். அவளுடைய புருஷனைத்தான் என் மதுக்கடையில் உட்கார்ந்து ஒரு கூட்டமே கேலி செய்தது.

புருஷன் லெயார்கோ குழாய் ரிப்பேர்க்காரர். சனிக்கிழமைகளில் டிரம்ஸ் வாசிப்பார். ஒரு தடவை வெண்டல் ப்ரூயிட் என்ற அமெரிக்க சாக்ஸபோன்காரர் எங்கள் ஊர் ஜாஸ் கிளப்புக்கு வந்தார். அவருடைய டிரம்ஸ்காரர் காய்ச்சலில் படுத்துவிட, லெயார்கோவைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்களாம். இவோன் அன்றைக்குப் பிரசவத்துக்காக ஆஸ்பத்திரியில் இருந்தாள். கேட்க வந்தவர்களெல்லாம் வெளியூர் மாணவர்கள், எங்கள் பேட்டைக்காரர் யாரும் கண்ணில் படவில்லையாம். லெயார்கோ வந்து சொன்னபோது ஒருத்தரும் நம்பவில்லை.

கேலியை ஆரம்பித்து வைத்தவன் ரேடியோ ரிப்பேர் எவாரிஸ்தோ. அந்த அமெரிக்க டிரம்ஸ்காரன்தான் வாசித்தான், தனக்கு நன்றாகத் தெரியும் என்று அடித்துச் சொன்னான். அன்று முதல் லெயார்கோவுக்கு 'நியூயார்க்' என்றே பேர். "ஏ நியூயார்க், எங்க வீட்டுக் குழாய் ஒழுகுது. வந்து ரெண்டு தட்டு தட்டேன், நிக்குதா பாப்போம்" என்பான். அந்த நல்ல மனுஷனும் கூடச் சேர்ந்து சிரிப்பார். கடைசிக் காலத்தில் அந்தப் பேச்சையே விட்டுவிட்டார். புளுகன் என்ற பேரோடுதான் போய்ச் சேர்ந்தார்.

அவர் போன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய சாமான் சந்தையில் ஏதோ இசைத்தட்டு ஓடிக்கொண்டிருந்தது. இவோன் அப்படியே நின்றுவிட்டாள். தினமும் தன் சமையலறை மேசையில் லெயார்கோ விரலால் தட்டிய தாளம் அவளுக்குத் தெரியாதா? உறையில் 'ப்ரூயிட், கோபன்ஹேகன் கச்சேரி' என்று இருந்தது. டிரம்ஸுக்கு, காய்ச்சலில் படுத்த அந்த அமெரிக்கக்காரன் பேரைப் போட்டிருந்தார்கள். யாருடைய அனுமதியும் இல்லாமல் போட்ட திருட்டுத்தட்டு.

லீவு போட்டுவிட்டு மிலானுக்குப் போய், தட்டு போட்ட ஆளைப் பிடித்தாள். யாரோ டேப் கொண்டுவந்து கொடுத்தான், ஆள் முகம் ஞாபகமில்லை என்றான் அவன். வழக்கு வரக்கூடாது என்று ஊர்ப் பேரை மட்டும் மாற்றிப் போட்டார்களாம். டிரம்ஸ் யார் என்று கேட்டால் கையை விரித்தான். விதவையின் ஆசை என்று பரிதாபமாக வேறு பார்த்திருக்கிறான், கடன்காரன்.

திரும்பி வந்து அந்தத் தட்டைத் தேய்கிற வரை கேட்டாள். டிரம்ஸ் தனியாக முழங்கி முடிகிற இடத்தில், கைதட்டலுக்கு முன்னால் ஒருத்தன் "சொக்மெல்" என்று கத்துகிறான். அர்த்தம் கேட்காதீர்கள், கெட்ட வார்த்தை. ஆனால் வாய் பிளந்தால் எங்கள் ஊர்க்காரனுக்கு அதுதான் வரும். கோபன்ஹேகன்காரனுக்கு ஏழு ஜென்மத்திலும் வராது.

கச்சேரி இந்த ஊரில்தான் நடந்தது என்று அத்தோடு நிச்சயமாகிவிட்டது. ஆனால் அவள் அங்கே நிற்கவில்லை. தட்டை என்னிடம் கொண்டுவந்தாள்.

"தோஸ்கா, மத்தவங்க சத்தமெல்லாம் தூரத்துல கேக்குது. இவன் குரல் மட்டும் காதுக்குள்ள வந்து கத்துது. மைக் இவன்கிட்டதான்டி இருந்திருக்கு. யாருன்னு சொல்லு."

எனக்கு ஒரு தடவை கேட்டதே போதும். சீட்டாட்டத்தில் ஜெயிக்கும்போதெல்லாம் என் கடை அதிர அப்படிக் கத்துகிறவன் ஒருத்தன்தான்.

மறுநாள் மத்தியானம் எல்லாரும் சீட்டாடிக்கொண்டிருந்தபோது இவோன் வந்து தட்டை ஓடவிட்டாள். அந்தக் கத்தல் வந்ததும் எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பின. எவாரிஸ்தோ சீட்டைக் கீழே வைத்தான்.

"அமெரிக்கக்காரன் பேரு இருந்தாத்தான் டேப்பை வாங்கிக்குவேன்னு மிலான்காரன் சொன்னான், அவன்தான் வாசிச்சான்னு பொய் சொல்லி வித்துட்டேன். லெயார்கோ வாசிச்சதுன்னு இங்க ஒத்துக்கிட்டா மாட்டிக்குவேனேன்னுதான் அவரைப் புளுகனாக்கினேன்" என்றான். பிறகு தானாகவே சொன்னான். "ஆனா அன்னிக்கு உன் வீட்டுக்காரன் வாசிச்சான் பாரு, கோட்டுக்குள்ள மைக் இருக்குன்னே மறந்துபோச்சு. அப்படி ஒரு வாசிப்ப நான் அதுக்கப்புறம் கேக்கவே இல்ல."

இவோன் அழுதுவிட்டாள். "இத ஒரு நாளாவது அவர் காதுல விழற மாதிரி சொல்லியிருக்கலாமேடா, பாவி."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவன் கையைப் பிடித்துத் தூக்கினாள்.

"எழுந்திரு. மிலான் ரயிலுக்கு நேரமாச்சு. அங்க வந்து அவர் பேரைச் சொல்லு."